ஃபுட்பால் மேனேஜரில் எம்.எல்.எஸ். சம்பள உச்சவரம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய கிளப்புகளை நடத்திப் பழகியவர்கள், ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டில் அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கருக்கு, அதாவது எம்.எல்.எஸ்.-க்கு வந்ததும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். வங்கியில் பணம் இருக்கிறது. உரிமையாளர் தயார், வீரரும் தயார். ஆனாலும் ஒப்பந்தம் நகர மாட்டேன் என்கிறது. பணம் இல்லாததால் அல்ல, லீக்கின் சம்பளக் கணக்கில் இடம் இல்லாததால்.

இந்த விதிகளை விளையாட்டு உருவாக்கியவர்கள் கற்பனை செய்யவில்லை. நிஜ லீக்கின் விதிகளைத்தான் உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே நிஜ விதியைப் புரிந்துகொள்வதே குறுக்குவழி. கீழே உள்ள கணக்குகள் 2024 சீசனுக்கான எண்களில் போடப்பட்டவை. தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலர்.

ஆரம்பிப்பதற்கு முன் விளையாட்டில் எதை மாற்றிவைக்க வேண்டும்?

இரண்டே விஷயம். அமைப்புகள் பக்கத்தில் நாணயத்தை அமெரிக்க டாலருக்கும், சம்பளக் காட்சியை வாரத்திலிருந்து ஆண்டுக்கும் மாற்றுங்கள். எம்.எல்.எஸ். விதிகள் எல்லாம் ஆண்டுத் தொகையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 6,83,750 டாலர் என்ற எல்லை வாரக் கணக்கில் 13,149 டாலராகத் தெரியும். அதை பவுண்டில் பார்த்தால் இன்னொரு எண். தலை சுற்றுவதில் பாதி இதனால் வருவது.

அடுத்து, லீக்கின் விதிகள் பக்கத்தைத் திறந்து அந்த ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒருவருக்கான அதிகபட்சத் தொகை, குறைந்தபட்சச் சம்பளம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை ஆண்டுதோறும் மாறும். நிஜ லீக்கில் மொத்த உச்சவரம்பு 2023-இல் 52,10,000, 2024-இல் 54,70,000, 2025-இல் 59,50,000. உங்கள் சேவ், அதாவது நீங்கள் சேமித்து ஆடிவரும் ஆட்டம், முன்னே செல்லச் செல்ல உங்கள் எண்களும் ஏறும்.

சம்பளம் வேறு, கணக்கில் ஏறும் தொகை வேறு என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். வீரருக்கு நீங்கள் கொடுப்பது ஒரு எண். உச்சவரம்புக் கணக்கில் அவர் பெயரில் ஏறுவது இன்னொரு எண். எம்.எல்.எஸ். நிர்வாகம் என்பது முழுக்க முழுக்க இரண்டாவது எண்ணைச் சுருக்கும் வேலை.

சில நேரம் அது சம்பளத்தைவிடப் பெரிதாக இருக்கும்: டிரான்ஸ்ஃபர் கட்டணம் (வீரரின் பழைய கிளப்புக்குக் கொடுப்பது), ஏஜென்ட் கட்டணம், கையெழுத்து போனஸ் எல்லாம் சேரும்போது. சில நேரம் மிகச் சிறிதாக இருக்கும். 60 லட்சம் வாங்கும் நட்சத்திர வீரர் கணக்கில் 6,83,750-ஆக மட்டும் ஏறுவார். ஒருவர் பெயரில் ஏறக்கூடிய அதிகபட்சம் அவ்வளவுதான். மொத்த உச்சவரம்பை எட்டால் வகுத்தால் இந்த எண் வரும்: 54,70,000 வகுத்தல் 8. 2025-க்கும் இதே வகுத்தல் பொருந்தும், 7,43,750. எந்தப் பேரம் பேசினாலும் முதலில் இந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்று பாருங்கள். இனி இதை "அதிகபட்சக் கோடு" என்றே சொல்வோம்.

30 பேர் அணியில் எத்தனை பேர் கணக்கில் வருவார்கள்?

முதல் 20 இடங்கள் மட்டும். இது சீனியர் பட்டியல். 21 முதல் 30 வரை துணைப் பட்டியல், அது உச்சவரம்பைத் தொடாது. துணைப் பட்டியலில் யாரை வேண்டுமானாலும் போட முடியாது. சீனியர் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவர்கள், ஜெனரேஷன் அடிடாஸ் ஒப்பந்தத்தில் (இளம் திறமைசாலிகளுக்கு லீக் தரும் ஒப்பந்தம்) வந்தவர்கள், சொந்த அகாடமியில் வளர்ந்தவர்கள், 24 வயதுக்கு மேற்படாமல் ரிசர்வ் குறைந்தபட்சத்தில் இருப்பவர்கள் என்று வகை உண்டு. 2024-இல் சீனியர் குறைந்தபட்சம் 89,716, ரிசர்வ் குறைந்தபட்சம் 71,401.

புதிதாக வருபவர்கள் செய்யும் பிழை, மாற்று கோல்கீப்பருக்கு 1.5 லட்சம் கொடுத்து அவரைச் சீனியர் பட்டியலில் உட்காரவைப்பது. வருடத்தில் நான்கு ஆட்டம் ஆடுபவரைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் எடுத்துத் துணைப் பட்டியலில் வையுங்கள். 1.5 லட்சம் மிச்சம் என்பது இந்த லீக்கில் ஒரு நல்ல ஃபுல்பேக்.

அப்படியானால் 14 பேரை மட்டும் சீனியரில் வைத்து மிச்சம் பிடிக்கலாமா?

முடியாது. 19-ஆம், 20-ஆம் இடங்களைக் காலியாக விடலாம். 18-க்குக் கீழே இறங்கினால், காலியாக இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தபட்சச் சம்பளத்தை லீக் உங்கள் கணக்கில் ஏற்றிவிடும். ஆள் இல்லாமலே செலவு.

டி.பி. என்பது என்ன? எத்தனை பேரை வைக்கலாம்?

டெசிக்னேட்டட் பிளேயர். சம்பளத்துக்கோ டிரான்ஸ்ஃபர் கட்டணத்துக்கோ மேல் எல்லை கிடையாது. கணக்கில் ஏறுவது அதிகபட்சக் கோடு மட்டும். மீதியைக் கிளப்பே சுமக்கும். 2007-இல் டேவிட் பெக்காம் எல்.ஏ. கேலக்ஸிக்கு வந்தபோது பிறந்த விதி என்பதால் பெக்காம் விதி என்ற பெயரும் உண்டு. 2023-இல் இன்டர் மியாமிக்கு வந்த மெஸ்ஸியும் இதே இடத்தில்தான் உட்கார்ந்தார்.

கிளப்புக்கு மூன்று இடம். ஆனால் மூன்றும் ஒரே விலை அல்ல. 24 வயது, அதற்கு மேல் என்றால் கணக்கில் 6,83,750. 21 முதல் 23 வரை என்றால் 2,00,000. 20-க்குள் என்றால் 1,50,000. ஆகவே மூன்றாவது டி.பி.யாக 31 வயது ஸ்ட்ரைக்கரை எடுப்பதற்கும் 20 வயது விங்கரை எடுப்பதற்கும் இடையே 5,33,750 வித்தியாசம். மூன்று டி.பி.யையும் வயதான நட்சத்திரங்களால் நிரப்பும் அணிகள் பெரும்பாலும் நடுவிலும் பின்னாலும் ஓட்டையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு சலுகை உண்டு. சீசன் நடுவே இரண்டாவது டிரான்ஸ்ஃபர் விண்டோவில் (வீரர்களை வாங்க அனுமதிக்கும் காலம்) வரும், 24 வயதோ அதற்கு மேலோ ஆன டி.பி. அந்த ஆண்டுக்கு பாதித் தொகைதான் ஏறுவார்: 3,41,875. பிப்ரவரியில் இடம் போதவில்லை என்றால் கோடை வரை காத்திருந்து கையெழுத்து வாங்குவது நல்ல வழி. அடுத்த ஆண்டு அவர் முழுத் தொகைக்கு ஏறுவார் என்பதை மட்டும் இப்போதே எழுதிவையுங்கள்.

வயதைப் பிறந்த தேதியை வைத்தா கணக்கிடுகிறார்கள்?

பிறந்த ஆண்டை வைத்து. 2003 டிசம்பரில் பிறந்தவரும் ஜனவரியில் பிறந்தவரும் 2024 சீசன் முழுக்க 21 வயதுக்காரர்கள்தான். திரையில் இன்னும் 20 என்று காட்டுவதைப் பார்த்து 1,50,000 என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். 2,00,000 ஏறும்.

டி.ஏ.எம்., ஜி.ஏ.எம். இரண்டும் பணமா?

டி.ஏ.எம். என்பது டார்கெட்டட் அலொகேஷன் மணி, ஜி.ஏ.எம். என்பது ஜெனரல் அலொகேஷன் மணி. இரண்டும் வங்கிப் பணம் அல்ல. லீக் தரும் தள்ளுபடிச் சீட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீரர் பெயரில் ஏறும் தொகையிலிருந்து அந்தச் சீட்டைக் கொண்டு கழித்துக்கொள்ளலாம். 2024-இல் ஒவ்வொரு கிளப்புக்கும் ஜி.ஏ.எம். 25,85,000, டி.ஏ.எம். 24,00,000. ஆண்டுக்கு ஆண்டு ஜி.ஏ.எம். கூடிக்கொண்டும் டி.ஏ.எம். குறைந்துகொண்டும் வருகின்றன.

ஜி.ஏ.எம். எங்கும் செல்லும். சாதாரண வீரருக்கும் பயன்படும், டி.பி.யின் தொகையைக் குறைக்கவும் பயன்படும். 1,50,000 வரை இறக்கலாம், அதற்குக் கீழே கூடாது. மற்ற எம்.எல்.எஸ். கிளப்புகளோடு பண்டமாற்றும் செய்யலாம்.

டி.ஏ.எம். குறிப்பிட்ட ஒரு வேலைக்கு. அதிகபட்சக் கோட்டுக்கு மேலே, ஆனால் அதைவிட 10 லட்சத்துக்கு மேல் போகாத வீரர்களைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவருவதற்கு. 2024-இல் 6,83,750-க்கும் 16,83,750-க்கும் இடைப்பட்டவர்கள். 16,83,751 ஆனாலே அவர் டி.பி.தான், வேறு வழியில்லை. டி.ஏ.எம்.-ஐ இன்னொரு கிளப்புக்கு விற்க முடியாது.

ஒரு வீரருக்கு ஒரு சீசனில் இரண்டில் ஒன்றுதான். இதைப் பலரும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். 12 லட்சம் ஏறும் வீரரை டி.ஏ.எம். போட்டு 6,83,750-க்கு இறக்கிவிட்டு, பிறகு ஜி.ஏ.எம். போட்டு இன்னும் இறக்கலாம் என்று திட்டமிட்டால் நடக்காது. எந்த வீரருக்கு எந்தச் சீட்டு என்று தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். எளிய பிரிவினை: கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு டி.ஏ.எம்., கீழே இருப்பவர்களுக்கும் டி.பி.க்கும் ஜி.ஏ.எம்.

வீரரின் சம்பளம் 5 லட்சம்தான். பிறகு ஏன் டி.பி. இடமோ டி.ஏ.எம்.-ஓ தேவை என்கிறது?

டிரான்ஸ்ஃபர் கட்டணத்தால். அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதனால் முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

சம்பளம் 5,00,000. டிரான்ஸ்ஃபர் கட்டணம் 15,00,000. ஏஜென்ட் கட்டணம் 90,000. மூன்று ஆண்டு உறுதி ஒப்பந்தம். கட்டணங்கள் மொத்தம் 15,90,000, அதை மூன்று ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 5,30,000. சம்பளத்தோடு சேர்த்தால் 10,30,000. அதிகபட்சக் கோட்டைவிட 3,46,250 அதிகம். அவ்வளவு டி.ஏ.எம். போட்டால்தான் அவர் டி.பி. ஆகாமல் உள்ளே வர முடியும்.

அதே வீரருக்கு நான்கு ஆண்டு உறுதி ஒப்பந்தம் கொடுங்கள். 15,90,000 வகுத்தல் 4, ஆண்டுக்கு 3,97,500. மொத்தம் 8,97,500. தேவைப்படும் டி.ஏ.எம். 2,13,750-ஆகக் குறைகிறது. ஓராண்டைக் கூட்டியதில் 1,32,500 மிச்சம்.

உறுதியான ஆண்டுகள் மட்டுமே பங்கீட்டில் வரும். இரண்டு ஆண்டு உறுதி, அதன்பின் கிளப் விரும்பினால் இரண்டு ஆண்டு நீட்டிப்பு என்று எழுதினால் வகுப்பது இரண்டால்தான். கட்டணம் கொடுத்து வாங்கும் வீரருக்கு நீண்ட உறுதி ஒப்பந்தமும், இலவசமாக வரும் வீரருக்குக் குறுகிய ஒப்பந்தமும் நீட்டிப்பு உரிமையும் பொருந்தும். பின்னவர் சரியாக ஆடாவிட்டால் நீட்டிக்காமல் விட்டுவிடலாம்.

யூ-22 இடம் அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். யூ-22 என்பது 22 வயதுக்கு மேற்படாத இளைஞர்களை எடுப்பதற்கான தனி இடம். 2021-இல் வந்த இந்த விதியைச் சரியாகப் பயன்படுத்துபவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் இடையே ஒரு முழு அணியின் வித்தியாசம் இருக்கிறது.

கையெழுத்திடும் ஆண்டில் 22 வயதோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். சம்பளம் அதிகபட்சக் கோட்டைத் தாண்டக் கூடாது. டிரான்ஸ்ஃபர் கட்டணம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், அது கணக்கில் ஏறவே ஏறாது. 20 வயது வரை 1,50,000, 21 முதல் 25 வரை 2,00,000 என்று நிலையான தொகை மட்டும் ஏறும்.

கொலம்பியாவிலிருந்து 22 வயது நடுக்கள வீரரை 60 லட்சம் கட்டணத்தில், 6 லட்சம் சம்பளத்தில், நான்கு ஆண்டுக்கு எடுப்பதாக வையுங்கள். சாதாரண ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 15 லட்சம் கட்டணப் பங்கு, 6 லட்சம் சம்பளம், மொத்தம் 21 லட்சம். டி.ஏ.எம். எல்லையையே தாண்டிவிட்டது. யூ-22 என்றால் 2 லட்சம். அவ்வளவுதான். அதே ஆள், அதே செலவு.

ஆகவே இந்த இடங்களைக் கட்டணம் இல்லாத இளைஞர்களுக்கோ 2 லட்சம் சம்பளம் வாங்குபவர்களுக்கோ வீணாக்கக் கூடாது. கட்டணம் அதிகம், சம்பளம் நடுத்தரம், வயது 19 முதல் 22. தென் அமெரிக்க லீக்குகளில் இந்த வகை வீரர்கள் நிறைய இருக்கிறார்கள். வளர்ந்ததும் ஐரோப்பாவுக்கு விற்கலாம். 26 வயதாகும் ஆண்டில் இடம் காலாவதியாகிவிடும். அதற்கு முந்தைய ஆண்டே விற்பதா, டி.பி. ஆக்குவதா என்று முடிவெடுத்துவிடுங்கள்.

என் சேவில் யூ-22 இடம் ஒன்றுதான் காட்டுகிறது, நண்பருக்கு நான்கு. ஏன்?

விதி நடுவில் மாறியது. 2024 ஜூலைக்கு முன்பு யூ-22 இடங்களின் எண்ணிக்கை உங்கள் மூன்றாவது டி.பி.யைப் பொறுத்தது. அவர் இளம் டி.பி.யாகவோ, 10 லட்சக் கூடுதல் எல்லைக்குள் வாங்குபவராகவோ இருந்தால் மூன்று இடம். மூன்று டி.பி.யும் பெரிய சம்பள மூத்தவர்கள் என்றால் ஒன்றே ஒன்று.

2024 ஜூலையில் லீக் இரண்டு பாதைகளைத் திறந்தது. ஒன்று: மூன்று டி.பி., மூன்று யூ-22. மற்றொன்று: இரண்டு டி.பி., நான்கு யூ-22, கூடவே 20 லட்சம் வரை கூடுதல் ஜி.ஏ.எம். ஃபுட்பால் மேனேஜர் 24 வெளிவந்தது 2023 நவம்பரில், அதனால் பழைய விதியின் உலகம் அது. 25 ரத்தாகிவிட்டது, அடுத்தது 2025 நவம்பரில் வந்த 26. எனவே இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டி எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்க்காமல் பின்பற்றாதீர்கள்.

இரண்டில் எது மேல்? உங்களிடம் ஆட்டத்தைத் தனியாக மாற்றக்கூடிய மூன்றாவது மூத்த நட்சத்திரம் இல்லையென்றால் இரண்டாவது பாதைதான். 20 லட்சம் ஜி.ஏ.எம். என்பது ஆண்டு ஒதுக்கீட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு.

முழு அணிக்கும் சேர்த்து ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். 2024 எண்களில், மூன்று டி.பி., மூன்று யூ-22.

மூத்த டி.பி. இருவர்: 13,67,500. 20 வயது டி.பி. ஒருவர்: 1,50,000. யூ-22 மூவரில் ஒருவர் 20 வயது, இருவர் 22 வயது: 5,50,000. ஆறு பேருக்கும் மொத்தம் 20,67,500. உச்சவரம்பில் மீதம் 34,02,500. சீனியர் பட்டியலில் மீதம் 14 இடம். சராசரி ஆளுக்கு 2.43 லட்சம். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் சேமித்த ஆட்டத்தையே அழித்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், சீட்டுகள் இன்னும் கையில் இருக்கின்றன.

அணியின் முதுகெலும்புக்கு, அதாவது சென்டர்பேக், நடுக்களம், கோல்கீப்பர் என்று மூவரை 12 லட்சம் வீதம் எடுக்கிறோம். கட்டணம் இல்லை. ஒவ்வொருவரையும் கோட்டுக்கு இறக்க 5,16,250 டி.ஏ.எம். போதும், மூவருக்கும் 15,48,750. பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். கணக்கில் மூவரும் 20,51,250 எடுத்துக்கொள்வார்கள், மற்ற 11 பேருக்கு மிஞ்சுவது 13,51,250. சராசரி 1.23 லட்சம். 8,51,250 டி.ஏ.எம். பெட்டியில் தூங்கும்.

நிறுத்தாதீர்கள். 24 லட்சத்தையும் அந்த மூவர் மீதே போடுங்கள், ஆளுக்கு 8 லட்சம். ஒவ்வொருவரும் கணக்கில் 4 லட்சமாக ஏறுவார்கள், மொத்தம் 12,00,000. மீதம் 22,02,500. அதோடு 25,85,000 ஜி.ஏ.எம்.-ஐ மற்ற 11 பேருக்குப் பயன்படுத்தினால் அவர்களுக்கு 47,87,500 கிடைக்கிறது. சராசரி 4.35 லட்சம். 1.23 லட்சத்தில் வருபவருக்கும் 4.35 லட்சத்தில் வருபவருக்கும் உள்ள தரவேறுபாடு ஆடுகளத்தில் முதல் வாரமே தெரியும்.

கவனித்திருப்பீர்கள்: இரண்டு சீட்டுகளும் சேர்ந்தால் 49,85,000. உச்சவரம்பில் மிஞ்சிய 34 லட்சத்தைவிடப் பெரிது. உண்மையான பட்ஜெட் சீட்டுகளில்தான் இருக்கிறது.

முதல் ஆண்டு சரியாக இருந்தது. இரண்டாம் ஆண்டு கணக்கு உடைந்துவிட்டதே?

நான்கு இடங்களில் பாருங்கள்.

ஆண்டுச் சம்பள உயர்வு ஷரத்து முதல் குற்றவாளி. 2023-இல் 6,40,000-க்கு ஒருவரை எடுத்து 10 சதவீத ஆண்டு உயர்வு கொடுத்தால் 2024-இல் 7,04,000. அந்த ஆண்டு கோடு 6,51,250-இலிருந்து 6,83,750-க்கு மட்டுமே, அதாவது 5 சதவீதம்தான் ஏறியது. வீரர் கோட்டை 20,250 தாண்டிவிட்டார். இனி அவருக்கும் டி.ஏ.எம். வேண்டும். கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு உயர்வு ஷரத்தை எடுத்துவிட்டு, தேவையானால் போனஸாகப் பேசுங்கள்.

கோடையில் பாதித் தொகைக்கு வந்த டி.பி. இப்போது முழுத் தொகை. 20 வயதில் 1,50,000-க்கு இருந்தவருக்கு 21 ஆகி 2,00,000. 23 வயது இளம் டி.பி.க்கு 24 ஆனது இன்னும் மோசம், ஒரே இரவில் 2,00,000-இலிருந்து அதிகபட்சக் கோடு. ஒவ்வோர் அக்டோபரிலும் அடுத்த ஆண்டு வயதுகளை வைத்து ஒரு முறை கணக்குப் போட்டுவிடுங்கள்.

சொந்த அகாடமி வீரர்களுக்கு என்ன சலுகை?

ஹோம்குரோன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் துணைப் பட்டியலில் இருக்கும்வரை கணக்கில் வர மாட்டார். ரிசர்வ் குறைந்தபட்சத்துக்கு மேல் 1,25,000 வரை, 2024-இல் 1,96,401 வரை, கொடுத்தும் வெளியே வைக்கலாம். முதல் அணிக்கே ஆடும் தரமுள்ள 19 வயதுப் பையன் ஒருவர் உச்சவரம்பைத் தொடாமல் இருப்பது இந்த லீக்கில் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு. அகாடமி, இளையோர் பயிற்சி வசதி இரண்டுக்கும் கிளப்பின் வங்கிப் பணத்தைத் தயங்காமல் கேளுங்கள். அந்தச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது.

வெளிநாட்டு வீரர் இடம் சம்பளக் கணக்கைப் பாதிக்குமா?

நேரடியாக இல்லை. கிளப்புக்கு 8 இடம், அவையும் ஜி.ஏ.எம்.-க்கு கைமாறும் பொருள். கிரீன் கார்டு பெற்றவர் அமெரிக்கக் கிளப்பில் உள்நாட்டு வீரராகிவிடுவார், இடம் காலியாகும்.

தப்பான ஒப்பந்தம் கொடுத்துவிட்டேன். எப்படி வெளியேறுவது?

முதலில் வெளிநாட்டுக்கு விற்கப் பாருங்கள். விற்றால் தொகை கணக்கிலிருந்து போவதோடு, வருவாயில் ஒரு பகுதியை ஜி.ஏ.எம். ஆக மாற்றிக்கொள்ளலாம். அடுத்தது லீக்கின் உள்ளே பண்டமாற்று. இளம் வீரரை வாங்கிக்கொண்டு, கூடவே கொஞ்சம் ஜி.ஏ.எம். கொடுத்தாவது தள்ளிவிடலாம். கடன் கொடுப்பதும் உதவும், ஆனால் சம்பளத்தில் எவ்வளவை நீங்கள் சுமக்கிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வழி, ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடிப்பது. இது சீசன் இல்லாத காலத்தில் செய்தால்தான் உச்சவரம்பில் இடம் திரும்பக் கிடைக்கும். ஜூன் மாதக் கோபத்தில் செய்தால் பணமும் போகும், இடமும் கிடைக்காது. முன்பு ஆண்டுக்கு ஒருவரை மட்டும் இப்படி விடுவிக்கலாம், 2024-இன் மாற்றத்துக்குப் பிறகு இருவர்.

சீசன் முடியும்வரை ஆட முடியாத காயம் என்றால் பட்டியலில் இடம் கிடைக்கும். தொகை மட்டும் அப்படியே நிற்கும்.

பிரபலமான ஒரு வீரர் இலவசமாக வரத் தயார், ஆனால் வேறு கிளப் "டிஸ்கவரி" உரிமை வைத்திருக்கிறது என்கிறது?

வெளியிலிருந்து வரும் வீரரை முதலில் பட்டியலிட்ட கிளப்புக்குத்தான் பேச முன்னுரிமை. நிஜ விதிப்படி 50,000 டாலர் ஜி.ஏ.எம். கொடுத்து அந்த உரிமையைக் கேட்கலாம். மறுத்தால் அந்தக் கிளப்பே வீரருக்கு உண்மையான ஒப்பந்தம் முன்வைக்க வேண்டும். நல்ல வீரருக்கு 50,000 பெரிய விலையல்ல. அதைவிட, ஒப்பந்தம் முடியப்போகும் ஐரோப்பிய வீரர்களை உங்கள் பட்டியலில் முன்கூட்டியே போட்டுவைப்பது மலிவு.

நிஜத்தில் இந்த விதிகளை யாராவது மீறி மாட்டியிருக்கிறார்களா?

இன்டர் மியாமி. 2020-இல் ஜுவென்டஸிலிருந்து வந்த பிளேஸ் மட்யூடியை டி.பி. அல்லாதவராகக் காட்டினார்கள். அவருடைய உண்மையான தொகை டி.பி. எல்லையில் இருந்தது என்று லீக் 2021-இல் கண்டறிந்தது. இன்னும் சில வீரர்களின் தொகைகளும் முழுமையாகத் தெரிவிக்கப்படவில்லை. கிளப்புக்கு 20 லட்சம் டாலர் அபராதம், உரிமையாளர் ஜார்ஜ் மாஸுக்கு 2,50,000. அதைவிடக் கசந்தது, 2022, 2023 சீசன்களின் ஒதுக்கீட்டுச் சீட்டுகளிலிருந்து 22,71,250 வெட்டப்பட்டது. மேலே போட்ட கணக்கில் 22 லட்சம் இல்லாமல் போனால் 11 பேரின் சராசரி என்ன ஆகும் என்று பாருங்கள், தண்டனையின் கனம் தெரியும்.

இதைக் கற்றுக்கொண்டால் மற்ற லீக்குகளிலும் உதவுமா?

ஆஸ்திரேலியாவின் ஏ-லீக்கில் நேரடியாக உதவும். அங்கேயும் உச்சவரம்பு உண்டு, அதற்கு வெளியே வைக்கக்கூடிய மார்க்கீ வீரர்களும், அதாவது நட்சத்திர வீரர்களும் உண்டு. கணக்கு எம்.எல்.எஸ்.-ஐவிட எளிது. பழகிக்கொள்ள விரும்புபவர்கள் அங்கே ஒரு சீசன் ஆடிவிட்டு அமெரிக்காவுக்கு வரலாம்.

ஸ்பெயினின் லா லிகா வேறு வகை. அங்கே எல்லோருக்கும் ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு கிளப்பின் வருவாய், கடனைப் பார்த்து அதற்கான செலவு எல்லையை லீக் வகுக்கிறது. 2021 ஆகஸ்டில் பார்சிலோனாவால் மெஸ்ஸியின் புதிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய முடியாமல் போனது அந்த எல்லையால்தான். லா லிகாவில் வருவாய் கூடினால் எல்லையும் கூடும். எம்.எல்.எஸ்.-இல் நீங்கள் எவ்வளவு சம்பாதித்தாலும் அடிப்படை உச்சவரம்பு எல்லாக் கிளப்புக்கும் ஒன்றுதான், 2024-இல் அது 54,70,000.